எழுந்து நின்றாலே நெஞ்சு படபடக்கிறதா? 'பாட்ஸ்' இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி? 10 நிமிட பரிசோதனை - முழு விவரம்

படுத்திருக்கும்போது ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருந்தாலும் ஓரளவு பரவாயில்லை. எழுந்து நின்றால்தான் பிரச்னை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, தலை கிறுகிறுக்கிறது, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. மறுபடி படுத்தால் சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் இசிஜி எடுக்கிறார்கள், எக்கோ எடுக்கிறார்கள். எல்லாம் நார்மல். "டென்ஷன்தான்மா, நல்லா சாப்பிடு, நல்லா தூங்கு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் காலை எழுந்தால் திரும்பவும் அதே கதை.

இப்படி அலைபவர்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பது 'பாட்ஸ்' என்ற பிரச்னை. இசிஜி, எக்கோ இரண்டுமே பொதுவாக நோயாளியைப் படுக்க வைத்து எடுக்கப்படுபவை. நின்றால் மட்டும் வருகிற ஒன்றைப் படுக்க வைத்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அதனால்தான் ரிப்போர்ட் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் ஆள் மட்டும் நிற்க முடியாமல் தவிக்கிறார்.

இதைக் கண்டுபிடிக்கத் தேவையான முதல் பரிசோதனைக்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். ஒரு பிபி கருவி, ஒரு கடிகாரம், ஒரு கட்டில், 10 நிமிட நேரம். அவ்வளவுதான். அதை எப்படிச் செய்கிறார்கள், எண்களை எப்படிப் பார்க்க வேண்டும், எங்கே தப்பு நடக்கிறது என்பதைப் பார்ப்போம்.

பாட்ஸ் என்றால் என்ன?

'போஸ்டுரல் ஆர்த்தோஸ்டாட்டிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம்' என்பதன் சுருக்கம்தான் பாட்ஸ். உடல் நிமிர்ந்த நிலைக்கு வரும்போது இதயத் துடிப்பு அளவுக்கு மீறி எகிறுவது என்று பொருள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மருத்துவர்கள் 1993-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் இந்தப் பெயர் மருத்துவ உலகில் நிலைத்தது. ஆனால், பிரச்னை பழசு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்த சிப்பாய்களிடம் இதே மாதிரி படபடப்பையும் களைப்பையும் பார்த்த ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-லேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

நாம் எழுந்து நிற்கும்போது, புவியீர்ப்பு காரணமாக அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை ரத்தம் வயிற்றுப் பகுதிக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. எல்லோருக்கும்தான். உடனே கழுத்து ரத்தக் குழாயில் இருக்கும் அழுத்த உணரிகள் மூளைக்குத் தகவல் சொல்ல, கால், வயிற்று ரத்தக் குழாய்களை நரம்புகள் இறுக்குகின்றன. இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கிறது. ரத்தம் மேலே ஏறிவிடுகிறது. சில நொடிகளில் முடிந்துவிடும் இந்த வேலையை நாம் உணர்வதுகூட இல்லை.

பாட்ஸ் உள்ளவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் எங்கோ கோளாறு. சிலருக்குக் குழாய்கள் போதுமான அளவு இறுகுவதில்லை. சிலருக்கு உடலில் ரத்தத்தின் மொத்த அளவே குறைவு. இன்னும் சிலருக்கு அட்ரினலின் வகை ஹார்மோன் தேவைக்கு மேல் சுரக்கிறது. ஒரே ஆளிடம் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்தும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் குறையைச் சரிக்கட்ட இதயம் ஓவர்டைம் பார்க்கிறது. அந்த ஓட்டத்தைத்தான் நாம் படபடப்பாக உணர்கிறோம். இதயத்தில் அடைப்போ, வால்வு கோளாறோ இருப்பதாக இதற்கு அர்த்தம் இல்லை.

யாருக்கு வருகிறது?

15 வயது முதல் 50 வயதுக்குள் இருக்கும் பெண்களிடம்தான் இது மிக அதிகமாகக் காணப்படுகிறது. ஆண்களுக்கும் வரும், ஆனால் குறைவு. வைரஸ் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், விபத்தில் தலையில் அடிபடுதல் போன்றவற்றுக்குப் பிறகு தொடங்கியதாகப் பலர் சொல்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் நீடித்த படபடப்பும் சோர்வும் இருந்தவர்களில் சிலருக்குப் பரிசோதித்தபோது பாட்ஸ் இருப்பது தெரிய வந்தது. மருத்துவர்களிடையே இந்தப் பெயர் பரவலாக அடிபட அதுவும் ஒரு காரணம். விரல், முழங்கை மூட்டுகள் வழக்கத்துக்கு மீறி வளையும் உடல்வாகு உள்ளவர்களிடமும் இது அதிகம்.

உடலைப் பேணாத சோம்பேறிகளுக்கு வருவது என்றும் நினைக்க வேண்டாம். ஒலிம்பிக்கில் 9 தங்கம் வென்ற அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கி, தனக்குப் பாட்ஸ் இருப்பதை 2024-ல் வெளியான தன் சுயசரிதையில் சொன்னார். நீந்தும்போது உடல் கிடைமட்டமாக இருக்கிறது. அது இந்தப் பிரச்னை உள்ளவர்களுக்குத் தோதான பயிற்சி.

'30' என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

ஆரோக்கியமான ஒருவர் எழுந்து நின்றால் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை கூடும். அமெரிக்காவின் ஹார்ட் ரிதம் சொசைட்டி 2015-ல் வெளியிட்ட நிபுணர் அறிக்கையின்படி, படுத்த நிலையிலிருந்து எழுந்து நின்ற பிறகு 30 அல்லது அதற்கு மேல் கூடினால் அது பாட்ஸுக்கான அளவுகோல். 12 முதல் 19 வயது வரை இருப்பவர்களுக்கு இந்த எண் 40. வளரும் வயதில் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் பிள்ளைகளுக்கே 30-க்கு மேல் கூடுவது சகஜம் என்பதால் இந்த வித்தியாசம். 15 வயது மகளுக்கு 33 கூடியது என்று பதறிப்போய் கூகுளைத் தேடும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

எண் மட்டும் போதாது. இன்னும் மூன்று நிபந்தனைகள் சேர வேண்டும். ஒன்று, பிபி பெரிதாக இறங்கியிருக்கக் கூடாது. நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது வேறு பிரச்னை, அதற்கு சிகிச்சையும் வேறு. வயதானவர்களுக்கு எழுந்தவுடன் தலைசுற்றல் வருவது பெரும்பாலும் இந்த பிபி இறக்கத்தால்தான். இரண்டு, நின்றால் வந்து படுத்தால் தணியும் தொந்தரவுகள் குறைந்தது 3 மாதமாவது இருந்திருக்க வேண்டும். மூன்று, ரத்தசோகை, தைராய்டு, நீர்ச்சத்துக் குறைவு, மருந்துகள் என வேறு காரணம் எதுவும் இதை விளக்கக் கூடாது. இந்த மூன்றாவது நிபந்தனைதான் நம் ஊரில் ரொம்ப முக்கியம். அதைப் பின்னால் பார்ப்போம்.

நின்றபடி 10 நிமிடம்: எப்படிச் செய்கிறார்கள்?

இதை 'ஆக்டிவ் ஸ்டாண்ட் டெஸ்ட்' என்கிறார்கள். சுவரில் சாய்ந்து நிற்கும் முறைக்கு 'நாசா லீன் டெஸ்ட்' என்று பெயர். ஆமாம், விண்வெளிக்கு ராக்கெட் விடும் அதே நாசாதான். விண்வெளியிலிருந்து திரும்பும் வீரர்கள் பூமியில் நிற்கும்போது தலைசுற்றி விழுவது அவர்களுக்குப் பழைய தலைவலி.

முதலில் 5 முதல் 10 நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பேச்சு இல்லை, போன் இல்லை. கடைசி 2 நிமிடங்களில் நாடித்துடிப்பையும் பிபியையும் குறித்துக்கொள்வார்கள். பிறகு எழுந்து, சுவரிலிருந்து குதிகால் சுமார் அரை அடி தள்ளி இருக்குமாறு நின்று, தோள்களை மட்டும் சுவரில் சாய்த்துக்கொள்ள வேண்டும். அந்த நிலையிலேயே 10 நிமிடம். நிமிடத்துக்கு ஒரு முறை நாடித்துடிப்பும் பிபியும் குறிக்கப்படும்.

கால் மாற்றி கால் நிற்பது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, தொடையை இறுக்குவது எதுவும் கூடாது. காலை அசைத்தால் கெண்டைக்கால் தசை ஒரு பம்ப் போல ரத்தத்தை மேலே தள்ளிவிடும், துடிப்பு குறைந்து காட்டும். பாட்ஸ் உள்ளவர்கள் வரிசையில் நிற்கும்போது தங்களை அறியாமலே காலைப் பின்னிக்கொண்டு நிற்பது இதனால்தான். உடம்பே கண்டுபிடித்த வைத்தியம் அது.

எண்களோடு சேர்த்து உணர்வதையும் எழுத வேண்டும். 'நாலாவது நிமிடம் தலை லேசாகிறது, ஏழாவது நிமிடம் கை நடுக்கம், கால் கனக்கிறது' என்பது போல. சிலருக்கு நிற்க நிற்கக் கால் பாதம் நிறம் மாறிக் கருநீலமாகும். மாநிற, கருநிறத் தோலில் இது சட்டென்று தெரியாது, உள்ளங்காலையும் நகக்கண்ணையும் பார்க்க வேண்டும்.

காலை நேரத்தில் செய்வது நல்லது. பாட்ஸ் உள்ளவர்களுக்குத் துடிப்பு எகிறுவது காலையில்தான் அதிகம். மாலையில் செய்தால் எண் குறைவாக வந்து, 'ஒன்றுமில்லை' என்ற முடிவுக்கு வந்துவிட வாய்ப்பு உண்டு. டெஸ்டுக்கு முன் காபி, டீ, சிகரெட் கூடாது. ஏற்கெனவே பிபி மாத்திரையோ, துடிப்பைக் குறைக்கும் மாத்திரையோ சாப்பிடுபவர்கள் அதை நிறுத்த வேண்டுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ப்ரோப்ரனலால் போன்ற மாத்திரைகளை நாமாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

டாக்டரிடம் காட்டுவதற்கான குறிப்பாக, வீட்டில் செய்து பார்க்கலாம். தனியாக மட்டும் செய்யக் கூடாது. பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், விழுந்தால் அடிபடாத இடமாக இருக்க வேண்டும், மயக்கம் வருவது போலிருந்தால் 10 நிமிடம் முடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காமல் உடனே படுத்துவிட வேண்டும். அடிக்கடி மயங்கி விழுபவர்கள், கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், வயதானவர்கள் ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பலர் வீட்டில் இருக்கும். அது நாடித்துடிப்பைக் காட்டும். ஆனால், பாட்ஸ் உள்ளவர்களுக்கு நிற்கும்போது விரல் ஜில்லென்று ஆகிவிடும், அப்போது ஆக்சிமீட்டர் தடுமாறலாம். கையில் நாடி பிடித்து 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குவது பழைய முறைதான், நம்பகமான முறையும்கூட.

ஸ்மார்ட்வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். 'நின்றதும் 130 காட்டுது' என்று ஸ்கிரீன்ஷாட்டோடு வருபவர்கள் அதிகம். எழுந்த முதல் அரை நிமிடத்தில் துடிப்பு சட்டென்று ஏறி இறங்குவது எல்லோருக்கும் இயல்பு. அந்த உச்சத்தைப் பிடித்துக்கொண்டு பாட்ஸ் என்று முடிவு கட்டக் கூடாது. நிமிடக்கணக்கில் அந்த உயரத்திலேயே நிற்கிறதா என்பதுதான் கேள்வி. பிபி என்ன ஆனது என்பதும் தெரியாமல் வாட்ச் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். 24 வயதுப் பெண், படுத்திருக்கும்போது நாடி 72, பிபி 110/70. நின்ற முதல் நிமிடம் 98, மூன்றாவது நிமிடம் 104, ஐந்தில் 109, பத்தில் 112. பிபி 108/74. துடிப்பு 40 கூடியிருக்கிறது, கூடிய இடத்திலேயே நிற்கிறது, பிபி இறங்கவில்லை. இது பாட்ஸை நோக்கி விரல் நீட்டும் கணக்கு. அதே பெண்ணுக்கு முதல் நிமிடம் 108, மூன்றில் 90, ஐந்திலிருந்து 86 என்று வந்தால் பாட்ஸுக்கான கணக்கில் சேராது. துடிப்பு 112, ஆனால் பிபி 84/56 என்று வந்தால் முதலில் பிபி ஏன் இறங்குகிறது என்று தேட வேண்டும். ஒரு நாள் செய்ததில் எண் 26, 27 என்று எல்லையில் வந்து, தொந்தரவு மட்டும் பலமாக இருந்தால், வேறொரு நாள் காலையில் திரும்பச் செய்து பார்ப்பதே சரி.

டில்ட் டேபிள் டெஸ்ட் யாருக்குத் தேவை?

நின்று செய்யும் பரிசோதனையில் தெளிவு கிடைக்காதவர்களுக்கும், மயங்கி விழுபவர்களுக்கும் டில்ட் டேபிள் டெஸ்ட் சொல்வார்கள். லண்டனில் மருத்துவர்கள் 1986-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, காரணம் தெரியாத மயக்கத்துக்கு உலகம் முழுக்கப் பயன்பாட்டுக்கு வந்த முறை இது. நம் ஊரில் பெரிய ஆஸ்பத்திரிகளின் இதயப் பிரிவு, நரம்பியல் பிரிவுகளில் செய்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ், டெல்லி எய்ம்ஸ் போன்ற இடங்களில் தானியங்கி நரம்பு மண்டலத்தைப் பரிசோதிக்கவே தனி லேப் உண்டு.

பெயரைக் கேட்டு பயப்பட வேண்டாம். கட்டில் போன்ற மேசையில் படுக்க வைத்து பெல்ட் போடுவார்கள். கால் வைக்க ஒரு பலகை இருக்கும். இசிஜி ஒயர், பிபி பட்டை மாட்டி, கொஞ்ச நேரம் படுத்த நிலையில் அளவெடுப்பார்கள். பிறகு தலைப்பக்கம் மேலே வருமாறு 60 முதல் 70 டிகிரி வரை மேசையைச் சாய்ப்பார்கள். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், அப்படியே இருக்க வேண்டியதுதான். பாட்ஸைப் பொறுத்தவரை முதல் 10 நிமிடம் முக்கியம். மயக்கத்துக்காகச் செய்தால் அரை மணி நேரம், அதற்கு மேலும் நீளும். மயக்கம் வந்துவிட்டால் மேசையை உடனே படுக்கை நிலைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம். மயக்கம் வரவழைக்க, நடுவில் நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் மருந்து கொடுப்பது உண்டு. அந்த மருந்தே துடிப்பைக் கூட்டிவிடும். அதனால் பாட்ஸுக்கான கணக்கை, மருந்து கொடுப்பதற்கு முந்தைய அளவுகளை வைத்துத்தான் போட வேண்டும். ரிப்போர்ட்டில் வெறும் 'நெகட்டிவ்' என்று இருந்தால், 'மயக்கம் வரவில்லை' என்பது மட்டுமே அதன் அர்த்தமாக இருக்கலாம். நிமிடத்துக்கு நிமிடம் துடிப்பு எவ்வளவு இருந்தது என்ற அட்டவணையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சில மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். முடிந்ததும் டூவீலரை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

முதலில் ரத்தசோகையைப் பாருங்கள்

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. பாட்ஸ் அதிகம் வரும் வயதும் அதேதான். ரத்தசோகை இருந்தாலும் நின்றால் படபடக்கும், மூச்சு வாங்கும், களைப்பாக இருக்கும். ஹீமோகுளோபின் பார்க்காமல், மாதவிடாயில் எவ்வளவு ரத்தம் போகிறது என்று கேட்காமல், பாட்ஸ் என்று முத்திரை குத்துவது தப்பு. இரும்புச் சத்து மாத்திரையில் சரியாகிற பிரச்னைக்கு வாழ்நாள் நோய்ப் பெயர் எதற்கு?

அதேபோல தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், தைராய்டு மாத்திரையின் அளவு கூடிப்போனாலும் துடிப்பு ஏறும். சர்க்கரை அளவு, உப்புச் சத்துகள், சிறுநீரகச் செயல்பாடு, தேவைப்பட்டால் கர்ப்பப் பரிசோதனை ஆகியவையும் பட்டியலில் உண்டு. 24 மணி நேரம் மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் கருவி, துடிப்பு சீராக ஏறி இறங்குகிறதா, அல்லது ஸ்விட்ச் போட்டது போல திடீரெனத் தொடங்கி திடீரென நிற்கிறதா என்று காட்டும். இரண்டாவது வகை என்றால் அது இதயத்தின் மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம், அதற்கு வழி வேறு. படுக்க வைத்து எடுத்த இசிஜியும் எக்கோவும் வீண் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. இதயத்தில் வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்ய அவை வேண்டும். அவற்றோடு நிறுத்திவிடுவதுதான் பிரச்னை.

டெங்கு, டைபாய்டு என்று பத்து நாள் படுத்து எழுந்தவர்களுக்கும் கொஞ்ச நாள் இதே தொந்தரவு இருக்கும். வயிற்றுப்போக்கு, கத்திரி வெயிலில் வியர்த்துக் கொட்டியது, நீர் மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், சில மனநல மாத்திரைகள் ஆகியவையும் துடிப்பைக் கூட்டலாம். சாப்பிடும் எல்லா மருந்தின் பெயரையும் டாக்டரிடம் சொல்லுங்கள், நாட்டு மருந்து, எடை குறைப்பு பவுடர் உட்பட.

டென்ஷனா, பாட்ஸா?

பதற்றம் வந்தாலும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அதனால்தான் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பதற்றத்தில் வரும் படபடப்பு உட்கார்ந்திருந்தாலும் வரும், நள்ளிரவில் படுத்திருந்தாலும் வரும். பாட்ஸ் உடம்பின் நிலையைப் பார்த்து வருகிறது. மனதில் எந்தக் கவலையும் இல்லாமல் தோசை சுட்டுக்கொண்டிருக்கும்போது வரும், பள்ளி பிரேயரில் நிற்கும்போது வரும், வெந்நீரில் குளிக்கும்போது வரும், வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தால் வரும். படுத்தால் தணியும். ஒருவருக்கு இரண்டுமே இருக்கலாம் என்பதும் உண்மை. வருடக்கணக்கில் 'உனக்கு ஒண்ணுமில்ல' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் பதற்றம் வராது?

ஆகவே, டாக்டரிடம் 'படபடப்பா இருக்கு' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'நின்றால் வருகிறது, படுத்தால் சரியாகிறது, இத்தனை மாதமாக இருக்கிறது' என்று நிலையோடு சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் குறித்த எண்களை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். "படுக்க வெச்சும் நிக்க வெச்சும் பல்ஸும் பிபியும் பார்க்க முடியுமா டாக்டர்?" என்று நேரடியாகக் கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கூட்டம் நிறைந்த ஓபியில் 10 நிமிடம் ஒதுக்குவது கஷ்டம்தான். நர்ஸ் ஒருவர் ஓரமாக வைத்துச் செய்துவிடக்கூடிய பரிசோதனைதான் இது. பொது மருத்துவரிடமே தொடங்கலாம். தேவைப்பட்டால் அவர் இதய மருத்துவருக்கோ நரம்பியல் மருத்துவருக்கோ அனுப்புவார்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

ஓடும்போதோ, மாடி ஏறும்போதோ மயங்கி விழுந்தால், படுத்திருக்கும்போதே மயக்கம் வந்தால், நெஞ்சு வலியோடு வியர்த்துக் கொட்டினால், மலம் கறுப்பாகப் போனால், குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தால் சுவரில் சாய்ந்து எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலியோ மயக்கமோ இருக்கும்போது 108-ஐ அழையுங்கள்.

பாட்ஸ் என்று உறுதியானால்?

இது பொதுவாக உயிரைப் பறிக்கும் நோய் இல்லை. ஆனால், படிப்பையும் வேலையையும் பாதிக்கக்கூடியது. தண்ணீரை ஒரு நாளைக்கு 2 முதல் 3 லிட்டராகக் கூட்டுவது, டாக்டர் சொன்ன அளவுக்கு உப்பு சேர்ப்பது, இடுப்பு வரை வரும் இறுக்கமான காலுறை அணிவது, உட்கார்ந்தும் படுத்தும் செய்யும் உடற்பயிற்சியில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவது ஆகியவைதான் முதல் கட்டம். உப்பு விஷயத்தில் கவனம். பிபி, சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களுக்கு அதிக உப்பு விஷம் மாதிரி. பாட்ஸ் உறுதியாகும் முன்பே உப்பை அள்ளிப் போட்டுக்கொள்வதும் வேண்டாம். இவை போதாதபோது ப்ரோப்ரனலால், ஐவாபிரடின், மிடோட்ரின் போன்ற மருந்துகளை ஆளுக்கு ஏற்றபடி கொடுக்கிறார்கள். குறிப்பாக வளரும் வயதுப் பிள்ளைகளில் பலருக்கு வருடங்கள் போகப் போகத் தொந்தரவு நன்றாகக் குறைகிறது.

ரிப்போர்ட்டால் கிடைக்கும் இன்னொரு பலனும் உண்டு. பள்ளியில் பிரேயர் நேரத்தில் உட்கார அனுமதி கேட்க, தேர்வு அறையில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ள, அலுவலகத்தில் நின்று பார்க்கும் வேலையை மாற்றிக் கேட்க ஒரு சீட்டு கையில் இருக்கும். தமிழ்நாட்டில் ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண் ஒருவருக்குப் படபடப்பும் மயக்கமும் இருந்தால், அந்த இருக்கையைக் கேட்கும் உரிமை ரிப்போர்ட் வரும் முன்பே அவருக்கு இருக்கிறது.